கொள்முதல் நிலையத்தில் காவல் இருந்த இரவு, வானத்தில் மூன்று முறை பளிச்சிட்டது என்ன?

வெட்டாற்றங்கரை | தை 23, காலை 6.20

வணக்கம். திருவாரூர் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் குவித்திருக்கிறோம். எங்கள் முறை வர இன்னும் நாலைந்து நாள் ஆகும். அதுவரை ராத்திரிக் காவல் என் பொறுப்பு. தார்ப்பாயைப் போர்த்திய குவியலின் மேலேயே சாய்ந்து படுத்துக்கொள்வேன். என் வீட்டம்மாவும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகளும் எட்டு மணி வாக்கில் சாப்பாடு கொண்டுவந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார்கள்.

நேற்று ராத்திரி கரண்ட் இல்லை. வானம் அவ்வளவு தெளிவு. உச்சிக்குச் சற்றுத் தெற்கே வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்குமே, திருவாதிரை என்று நாம் சொல்லும் சிவந்த மீனுக்குப் பக்கத்தில். அதில் நடு மீனுக்குக் கொஞ்சம் கீழே ஒரு பளிச். முதலில் பார்த்தது மகள். "அப்பா, ஒரு நட்சத்திரம் கண்ணு சிமிட்டுச்சு" என்றாள். விமானமாக இருக்கும் என்றேன். அவள் விடவில்லை, போனில் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள்: 8.47. இரண்டரை நிமிடம் கழித்து மறுபடியும். இந்த முறை நானும் பார்த்தேன். ஒரு நொடிகூட இருக்காது. அந்த மூன்று மீன்களைவிடக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம். 8.52க்கு மூன்றாவது முறை, வரிசையின் கிழக்கு ஓர மீனை ஒட்டினாற்போல. அப்புறம் கால் மணி நேரம் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை.

பக்கத்து நட்சத்திரங்களிலிருந்து திடீர் மின்னல் வருகிறது, விஞ்ஞானிகளுக்கே காரணம் தெரியவில்லை என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்தாளாம். "நாம பார்த்ததும் அதுதானா?" என்று கேட்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்மினி | தை 23, காலை 7.05

அண்ணே, ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டாக இருக்கும். இப்போது வானம் முழுக்க அதுதான். சூரிய வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்போது அப்படித்தான் பளிச்சிடும்.

அரசலாறு | தை 23, காலை 9.40

காரைக்காலிலிருந்து எழுதுகிறேன். எரிநட்சத்திரம் நேராக நம்மை நோக்கி வந்தால் கோடு தெரியாது, ஒரு புள்ளி மட்டும் மின்னி மறையும் என்று படித்திருக்கிறேன். ஆனால் ஒரே இடத்தில் மூன்று முறை வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சின்ன வயதில் மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது இப்படி ஏதாவது விழுந்தால், எங்கள் அப்பாயி உடனே பச்சை மரத்தைப் பார்க்கச் சொல்வார். நாங்கள் பார்த்ததை நான்கு பேரிடம் சொல்லவும் கூடாது. உங்கள் மகள் மணியைக் குறித்துக்கொண்டதைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

குடந்தை வாத்தியார் | தை 23, பகல் 1.15

இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பாப்பா குறித்துவைத்தது மூன்று நேரமும் மூன்று இடமும். இவ்வளவு கிடைத்தாலே பாதி வழக்கு முடிந்த மாதிரி.

முதலில் ஸ்டார்லிங்க். அவை ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பவை, சில நிமிடங்களில் வானத்தைக் கடந்துவிடும். ஐந்து நிமிடம் ஒரே இடத்தைச் சுற்றி மின்னாது. இன்னொன்று, தை மாதம் நம் ஊரில் ஆறேகாலுக்குமேல் சூரியன் மறைந்துவிடும். 8.47க்கு அது அடிவானத்துக்குக் கீழே நன்றாக இறங்கியிருக்கும். கணக்குப் போட்டால், அந்த நேரத்தில் நம் தலைக்கு நேர் மேலே குறைந்தது 1,300 கிலோமீட்டர் உயரம்வரை பூமியின் நிழல். அதற்குக் கீழே பறக்கும் எதிலும் வெயில் படாது, மின்னவும் முடியாது. ஐரோப்பாவில் கோடை இரவு முழுக்கத் தாழ்வான சாட்டிலைட்டுகள் ஒளிர்வதைப் பார்த்து எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு நம் ஊர் வானத்துக்குப் பொருத்தக் கூடாது. இங்கே இருட்டு சீக்கிரம் ஆழமாகிவிடும்.

எரிநட்சத்திரத்துக்கு அரசலாறு அம்மா சொன்ன பதிலே போதும். விமானம் என்றால் விளக்கு நகர்ந்துகொண்டே போகும், விட்டுவிட்டு நொடிக்கொரு முறை அடிக்கும்.

அடுத்தது நட்சத்திரம். நம் சூரியனின் குறுக்களவு ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். ஒளி அதைக் கடக்கவே நாலரை நொடிக்குமேல் ஆகும். அந்த அளவு நட்சத்திரம் ஒன்று ஒட்டுமொத்தமாக ஒரே கணத்தில் எரிந்து அணைந்தாலும், முன்பக்க ஒளி முதலிலும் ஓரத்து ஒளி பிறகும் வந்து சேர்வதால் நமக்கு அது நீண்டுதான் தெரியும். ஒரு நொடிக்குள் ஒரு நட்சத்திரம் முழுதாக மின்னி முடிக்க வாய்ப்பில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஐந்து நிமிடத்தில் அந்த மின்னல் நடு மீனிலிருந்து கிழக்கு மீனுக்கு நகர்ந்திருக்கிறது. அது நட்சத்திரங்களோடு பார்த்தபோது. உங்கள் களத்தில் அசையாத ஏதாவது ஒன்றோடு ஒப்பிட்டால் நகர்ந்ததா, நின்றதா?

ராக்கோழி | தை 23, மாலை 4.30

வாத்தியார் ஐயா, மன்னிக்கவும், ஒரு திருத்தம். நட்சத்திரம் முழுவதும் எரிந்தால்தான் உங்கள் கணக்கு. ஒரு சின்னத் திட்டு மட்டும் வெடித்தால்? நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியிலேயே அது நடந்திருக்கிறது. 4.24 ஒளியாண்டுதான் தூரம். 2019 மே 1ஆம் தேதி பல தொலைநோக்கிகள் சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புறஊதா ஒளியில் 14,000 மடங்கு பிரகாசமானது. எல்லாம் 7 நொடிக்குள் முடிந்துவிட்டது. இந்த வகை சிவப்புக் குள்ள நட்சத்திரங்கள் (சூரியனைவிடச் சிறியவை, மங்கலானவை) நம்மைச் சுற்றி நிறைய இருக்கின்றன. எட்டு, ஒன்பது ஒளியாண்டுக்குள் இருக்கும் உல்ஃப் 359, யூவி செட்டி இரண்டும் அப்படிப்பட்டவைதான். யூவி செட்டி 1952இல் 20 நொடிக்குள் 75 மடங்கு பிரகாசமாகியிருக்கிறது.

அதனால் "நட்சத்திரம் மின்னாது" என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது என்பது என் கருத்து.

குடந்தை வாத்தியார் | தை 23, மாலை 6.00

சரியான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். திட்டு வெடிப்புக்கு என் கணக்கு பொருந்தாது.

ஆனால் நீங்கள் சொன்ன உதாரணங்களையே எடுத்துக்கொண்டு மேலே போவோம். சிவப்புக் குள்ளர்களில் ஒன்றுகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது. பிராக்சிமா இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதைப் பார்க்க டெலஸ்கோப் வேண்டும். 14,000 மடங்கு என்பது புறஊதாவில். நம் கண் பார்க்கும் ஒளியில் அன்றைக்கு அது அவ்வளவு ஏறவில்லை. கண் பார்க்கும் ஒளியில் பெரிதாக ஏறியது 2016 மார்ச்சில். சிலியில் வானம் முழுவதையும் தொடர்ந்து படமெடுத்துக்கொண்டிருந்த ஒரு கேமரா அமைப்பில் அது பதிவாகியிருந்தது. 68 மடங்கு கூடியும் 6.8 என்ற ஒளி அளவுக்குத்தான் வந்தது (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதல்). மலை உச்சியில், நிலா இல்லாத இரவில், நல்ல கண் உள்ளவருக்கு விளிம்பில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். பாப்பா பார்த்தது ஒளி அளவு 2 உள்ள மீன்களைவிடப் பிரகாசம். அதாவது பிராக்சிமாவின் அந்தப் பெரிய வெடிப்பைப் போல எண்பது மடங்குக்குமேல். பக்கத்து நட்சத்திரம் எதுவும் அப்படி எரிந்ததாகப் பதிவு இல்லை.

நகர்ந்தது என்பதும் இருக்கிறது. நட்சத்திரம் ஐந்து நிமிடத்தில் பக்கத்து மீன் வரைக்கும் நடந்து போகாது.

வெட்டாற்றங்கரை | தை 23, மாலை 6.25

ஐயா, அசையாத பொருளோடு பார்க்கத் தோன்றவில்லை. இன்றைக்குப் பார்க்கிறோம். மகள் இப்போதே கயிறு தேடுகிறாள்.

கோடியக்கரைக் காற்று | தை 23, இரவு 7.50

வேதாரண்யத்தில் உப்பளத்தில் வேலை, வீடு கோடியக்கரைப் பக்கம். எங்களுக்குத் தெற்கே கடல்தான், விளக்கு வெளிச்சம் அதிகம் இல்லை. பிராக்சிமா பேச்சு வந்ததால் சொல்கிறேன்: அதைப் பார்க்க முடியாவிட்டாலும் அதன் கூட்டாளியை நம் டெல்டாவிலிருந்தே பார்க்கலாம். ஆல்பா சென்டாரி. 4.37 ஒளியாண்டு. வெறும் கண்ணுக்குத் தெரிகிறவற்றில் நமக்கு மிகப் பக்கத்து நட்சத்திரம் அது, சூரியனை விட்டுவிட்டால். டெல்லியிலிருந்து பார்ப்பவருக்கு அது அடிவானத்தை ஒட்டியே போய்விடும். நமக்கு 18 டிகிரி ஏறும். கையை நீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முட்டி வைத்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு உயரம். இந்த மாதம் விடியற்காலை ஐந்து மணிக்குத் தெற்கே இரண்டு பிரகாசமான மீன்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இடது பக்கம் இருப்பது ஆல்பா. வைகாசிக் கடைசி, ஆனியில் என்றால் முன்னிரவிலேயே தெரியும்.

டெலஸ்கோப்பில் பார்த்தால் அது இரண்டு நட்சத்திரம். அதை முதலில் கண்டவர் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 1689 டிசம்பரில், ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. பார்த்த இடம் புதுச்சேரி. நம் கடற்கரையில்தான், கொள்ளிடம் தாண்டிக் கொஞ்சம் வடக்கே. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

வெட்டாற்றங்கரை அண்ணனுக்கு ஒரு யோசனை. இன்று நீங்கள் பாருங்கள். மறுபடியும் தெரிந்தால், நாளைக்கு ஒரே நேரத்தில் நீங்கள் அங்கே, நான் இங்கே. நமக்குள் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் தெரிகிறதா என்று பார்ப்போம்.

வெட்டாற்றங்கரை | தை 23, இரவு 10.10

பார்த்துவிட்டோம். செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாக்கு அடுக்கியிருக்கும் கொட்டகையின் இரும்புக் குழாயிலிருந்து எதிரே இருக்கிற மூங்கில் கழிக்குக் கிழக்கு மேற்காக ஒரு சணல் கயிற்றை இழுத்துக் கட்டினோம். கீழே படுத்தால் முகத்திலிருந்து ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்தில் கயிறு. காற்றுக்கு ஆடாமல் இருக்க முறுக்கிக் கட்டினேன். அதில் மகள் வெள்ளைச் சாக்குத் துணியைக் கிழித்து ஒரு முடிச்சுப் போட்டாள், இருட்டில் தெரிய வேண்டுமே. தலைக்கு ஒரு நெல் மூட்டை. தலை அசையக் கூடாது என்பதற்காக மூட்டையில் பள்ளம் பண்ணி அதில் தலையை வைத்துக்கொண்டாள்.

எட்டரைக்குப் படுத்தவள் கண்ணை எடுக்கவில்லை. 8.43க்கு முதல் பளிச். "முடிச்சுக்கு அந்தப் பக்கம் ஒரு விரல்" என்றாள். நான் எழுந்து, அவள் சொல்லச் சொல்ல முடிச்சை ஒரு விரல் நகர்த்தினேன். 8.45 தாண்டி இரண்டாவது. முடிச்சிலேயே வந்தது. மூன்றாவதும் முடிச்சிலேயே. 8.50க்கு நாலாவதும் அங்கேயே. அதற்குள் அந்த மூன்று மீன்களும் முடிச்சைவிட்டு மேற்கே மூன்று விரல் அளவு தள்ளிப் போய்விட்டன.

"நட்சத்திரம்தான்பா நகருது, அது கயித்தோட நிக்குது" என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்துக் குவியலில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர்களும் கயிற்றுக்கு அடியில் வந்து படுத்தார்கள். ஆனால் அதற்குமேல் வரவில்லை.

குடந்தை வாத்தியார் | தை 23, இரவு 11.00

இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. இந்தச் சோதனையை இதைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் எல்லாம் மேற்கே போகும், ஒரு நிமிடத்துக்கு நிலாவின் பாதி அகலம். ஏழு நிமிடத்துக்கு ஓர் ஆள் உயரத்துக் கயிற்றில் அது மூன்று விரல் வரும், கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது. கயிற்றோடு நின்றது என்றால், அது பூமி சுற்றும் அதே வேகத்தில் நம்மோடு சேர்ந்து சுற்றுகிறது. வானத்தில் அப்படி நிற்கக்கூடியது ஒன்றுதான்: 35,786 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு நாளுக்கு ஒரு சுற்றுச் சுற்றும் செயற்கைக்கோள். நம் வீட்டு டிஷ் ஆன்டெனா திரும்பிப் பார்ப்பதும் அந்த உயரத்தைத்தான்.

வேலை செய்துகொண்டிருக்கும் செயற்கைக்கோள் இப்படி இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை மின்னாது. ஆயுள் முடிந்து கைவிடப்பட்டது மெல்ல உருண்டுகொண்டே இருக்கும். அதன் பலகை ஒன்று கண்ணாடி மாதிரி வெயிலை நம் பக்கம் திருப்பும் அந்த ஒரு கணம் பளிச். அடுத்த உருளலில் மறுபடி. பூமியும் சூரியனும் அதுவும் இருக்கும் கோணம் மெல்ல மாறுவதால் சில நிமிடங்களில் அந்த வெளிச்சப் பட்டை நம்மைத் தாண்டிப் போய்விடும்.

நம் ஊருக்கு இதில் ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது. பூமியின் நடுக்கோடு சரியான வட்டம் இல்லை. அதனால் அந்த உயரத்தில் கைவிடப்பட்டவை மெல்ல நகர்ந்து, பள்ளத்தில் உருளும் கோலி மாதிரி இரண்டு இடங்களைச் சுற்றி ஊசலாடும். ஒன்று 105 டிகிரி மேற்குத் தீர்க்கரேகை. மற்றது 75 டிகிரி கிழக்கு. நாம் இருப்பது 79. அந்தப் பள்ளம் நமக்குத் தெற்கே, கிட்டத்தட்ட நம் தலைக்கு நேரே.

இன்னொரு பொருத்தமும் உண்டு. 11 டிகிரி வடக்கிலிருந்து பார்க்கும்போது அந்தச் செயற்கைக்கோள் பாதை வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டை வானம்வரை நீட்டினால் வரும் கோடு) 2 டிகிரி தெற்கே தெரியும். அந்த மூன்று மீன்களில் கிழக்கு ஓர மீன் இருப்பதும் அதே இடத்தில்தான். தை, மாசி இரவுகளில் அந்த வரிசை செயற்கைக்கோள் பாதையை உரசிக்கொண்டு போகும்.

நேற்று 8.47, இன்று 8.43 என்பதையும் கவனியுங்கள். நட்சத்திரங்களும் நாளுக்கு 4 நிமிடம் முந்தித்தான் அதே இடத்துக்கு வரும். கயிறு கட்டாமல் நேரத்தை மட்டும் பார்த்திருந்தால், "நட்சத்திரத்தோடு வருகிறது, அதனால் நட்சத்திரம்தான்" என்று நானே சொல்லியிருப்பேன்.

மின்மினி | தை 24, காலை 8.15

ஸ்டார்லிங்க் என்று அவசரப்பட்டு எழுதியது நான்தான். நேற்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். இதே மாதிரி முன்பும் நடந்திருக்கிறது. 1980களின் நடுவில் கனடாவில் அமெச்சூர் வானியலாளர்கள் சிலர் பெர்சியஸ், ஏரீஸ் விண்மீன் குழுக்களின் எல்லையில் அடிக்கடி மின்னல் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் காமா கதிர் வெடிப்பு (விண்வெளியிலிருந்து திடீரென வந்து மறையும் காமா கதிர் வீச்சு) என்ன என்பதே பெரும் புதிராக இருந்ததால், இது அதன் கண்ணுக்குத் தெரியும் முகமாக இருக்குமோ என்று பலரும் நினைத்தார்கள். 1987இல் வந்த ஆய்வுகள், செயற்கைக்கோளில் பட்டுத் தெறித்த வெயில் என்று காட்டின.

2020இலும் ஒன்று. வானத்தின் விளிம்பில் இருக்கும் மிகமிகப் பழைய விண்மீன் மண்டலம் ஒன்றிலிருந்து ஒரு மின்னல் வந்ததாக ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். கடைசியில் ஒரு ராக்கெட்டின் கைவிடப்பட்ட மேல் பகுதி குறுக்கே போயிருக்கிறது. பெரிய டெலஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கே இப்படி என்றால், நாம் ஒரு கயிறாவது கட்ட வேண்டும்.

அரசலாறு | தை 24, காலை 10.30

அப்படியானால் நட்சத்திரம் வெடித்து வெறும் கண்ணுக்குத் தெரிந்ததே கிடையாதா?

ராக்கோழி | தை 24, பகல் 12.10

உண்டு அக்கா. 2008 மார்ச் 19ஆம் தேதி ஒரு பெரிய நட்சத்திரம் அழியும்போது வந்த காமா கதிர் வெடிப்பு அரை நிமிடம்போல வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒளிர்ந்தது. ஏறக்குறைய 750 கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து. பக்கத்து நட்சத்திரம் கண்ணுக்கு எட்டாமல் போக, அவ்வளவு தொலைவிலிருந்து வந்தது எட்டியிருக்கிறது.

பாப்பா பார்த்த வீடியோ எதைப் பற்றி என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டாண்டன் என்று ஒருவர், நாசாவின் ஜெட் உந்து ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 76 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு சூரியனைப் போன்ற நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவர், ஆயிரத்துக்கும் மேல். வேற்றுலகத்தார் லேசர் போல ஏதாவது அனுப்புகிறார்களா என்று தேடுவதுதான் நோக்கம். 2023 மே 14 அன்று, 100 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் எச்டி 89389 என்ற நட்சத்திரத்தின் ஒளியில் இரண்டு துடிப்புகள் பதிவாயின. இரண்டுக்கும் இடையே 4.4 நொடி. ஒவ்வொன்றும் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிட்டது. இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே வடிவம். அதற்குப் பிறகு பழைய பதிவுகளைத் தேடினால், 2019இல் 51 பெகாசி நட்சத்திரத்திலும் அதே போல ஒரு ஜோடி. அப்போது பறவை பறந்திருக்கும் என்று விட்டுவிட்டார்களாம். 51 பெகாசி நமக்கு 50 ஒளியாண்டு. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் முதன்முதலில் 1995இல் கண்டுபிடிக்கப்பட்டது அங்கேதான்.

சாட்டிலைட், விமானம் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்றும் பொருந்தவில்லை. எனக்கு இதில் மனசு ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று நம்பத் தோன்றுகிறது.

குடந்தை வாத்தியார் | தை 24, பகல் 2.40

தம்பி, நானும் அதைப் படித்தேன். அவர் வேலையில் எனக்குப் பிடித்தது, தனக்குச் சாதகமாக இருக்கக்கூடிய முடிவை அவர் எடுக்கவில்லை என்பது. தேடியது வேற்றுலகத்தாரை. கிடைத்ததோ விளக்கம் இல்லாத துடிப்பு. அதை அப்படியே எழுதினார். நம் காற்று மண்டலத்தில் ஏதாவது அழுத்த அலை கடந்திருக்கலாம், சூரியக் குடும்பத்துக்குள்ளேயே ஏதோ ஒரு பாறையின் விளிம்பு நட்சத்திர ஒளியை வளைத்திருக்கலாம் என்றெல்லாம் யோசித்திருக்கிறார்.

அவருக்கு ஒரு குறை இருந்தது, அதையும் அவரே சொல்கிறார். ஒரே இடத்தில் ஒரே தொலைநோக்கி. தள்ளித் தள்ளிப் பல தொலைநோக்கிகள் இருந்தால், துடிப்பை உண்டாக்கியது எந்தப் பக்கம் போனது, எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கண்டுபிடிக்கலாம். கோடியக்கரைத் தம்பி நேற்றுச் சொன்னாரே, "நீங்கள் அங்கே, நான் இங்கே" என்று. அதுதான் அங்கேயும் தேவைப்படுவது.

நட்சத்திரங்களின் தூரத்தை அளந்ததும் இதே வழியில்தான். 1838இல் பெசல் என்ற ஜெர்மானியர் முதன்முதலில் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை வெளியிட்டார். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஆறு மாதத்தில் நாம் 30 கோடி கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறோம். அங்கிருந்து பார்த்தால் பக்கத்து நட்சத்திரம் சற்றே இடம் மாறித் தெரியும். பிராக்சிமாவுக்கே அந்த மாற்றம் எவ்வளவு தெரியுமா? 3 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அதன் அகலம் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதைவிடக் குறைவு.

இன்று இரவு இருவரும் பாருங்கள்.

கோடியக்கரைக் காற்று | தை 24, இரவு 9.30

பார்த்தேன்! 8.40க்கு ஒன்று, 8.42 தாண்டி ஒன்று, அதற்கப்புறம் மேகம் வந்துவிட்டது. இரண்டாவது வந்தபோது கிழக்கு மீனுக்கு மேற்கே, இடைவெளியில் பாதித் தூரம்.

வெட்டாற்றங்கரை | தை 24, இரவு 9.45

எங்களுக்கும் அதே 8.40, அதே 8.42 தாண்டி. மகள் நோட்டில் படம் போட்டு வைத்திருக்கிறாள், இரண்டாவது புள்ளி நீங்கள் சொன்ன அதே பாதித் தூரத்தில்தான். போன் பண்ணி மணியையும் ஒத்துப் பார்த்துக்கொண்டோம்.

குடந்தை வாத்தியார் | தை 24, இரவு 10.20

அற்புதம். நிழலுக்கு மேலே மிகத் தாழ்வாக, 1,300 கிலோமீட்டரில் இருந்திருந்தால்கூட உங்கள் இருவருக்கும் அது இரண்டரை டிகிரி விலகித் தெரிந்திருக்கும். அந்த மூன்று மீன் வரிசையின் மொத்த நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். 36,000 கிலோமீட்டரில் இருந்தால் விலகல் நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வெறும் கண்ணுக்கு ஒரே இடம்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்ததற்கும் காரணம் இருக்கிறது. சூரியன் நமக்கு அரை டிகிரி அகலத்தில் தெரிகிறது. அதனால் கண்ணாடியில் தெறிக்கும் அதன் ஒளியும் அரை டிகிரி விரிந்துகொண்டே வரும். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது 300 கிலோமீட்டருக்குமேல் அகலமான வட்டமாகிவிடும். டெல்டா முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். கல்லணையிலிருந்து கோடியக்கரை வரை யார் மேலே பார்த்திருந்தாலும் நேற்றும் இன்றும் தெரிந்திருக்கும்.

ராக்கோழி | தை 24, இரவு 11.50

நான் இன்றைக்கு வெளியே போகவே இல்லை. எழுதிக்கொண்டிருந்துவிட்டேன். நாளைக்கு மாடிக்கு ஏறுகிறேன்.

அரசலாறு | தை 25, காலை 7.00

உங்கள் மகளிடம் சொல்லுங்கள், என் பேரனும் நேற்று மாடியில் துணி காயப்போடும் கம்பிக்கு அடியில் படுத்திருந்தான். எங்களுக்கு மேகம். இன்றைக்கும் படுக்கப்போவதாகச் சொல்கிறான். பச்சை மரத்தைப் பார் என்று நான் சொல்லவில்லை.

வெட்டாற்றங்கரை | தை 27, காலை 9.10

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை எங்கள் நெல் எடை போட்டாயிற்று. லாரி வர இருட்டிவிட்டதால் ராத்திரியும் இங்கேயே தங்கினோம். கோடியக்கரைத் தம்பி சொன்னதை மகள் மறக்கவில்லை. நாலரைக்கே எழுப்பிவிட்டாள். வெளியே வந்தால் ஒரே பனிமூட்டம், பத்தடி தள்ளி நிற்கும் டிராக்டர்கூடத் தெரியவில்லை. திரும்பிப் படுக்கலாம் என்றேன். அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்தேகாலுக்குக் கொஞ்சம் காற்று எழுந்தது. பனி தெற்கே விலகி, பனைமரங்களுக்கு மேலே இரண்டு மீன்கள் தெரிந்தன. கையை நீட்டி முட்டிமேல் முட்டி வைத்து அளந்தாள், சரியாக இருந்தது. இடது பக்கத்து மீனைக் காட்டி, "இந்த வெளிச்சம் நான் அஞ்சாவது படிக்கிறப்ப, காலாண்டுப் பரீட்சை சமயத்துல கிளம்புனதுப்பா" என்றாள். ஐந்து நிமிடம்கூட இருக்காது, பனி மறுபடி மூடிவிட்டது.

மூட்டை முடிச்செல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கயிற்றை மட்டும் அவிழ்க்க விடவில்லை. எங்கள் இடத்தில் இன்று நெல் கொட்ட வந்திருக்கும் பக்கத்து ஊர்ப் பெரியவரிடம், எட்டேகாலிலிருந்து அந்த வெள்ளை முடிச்சைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நேரம் எழுத நோட்டிலிருந்து இரண்டு தாளும் கிழித்துக் கொடுத்திருக்கிறாள்.